சார்ஜர் மீது 'சார்ஜ் ஷீட்'! மீட்டர் சொன்ன சாட்சியில் விடுதலை!

பிளக்கில் சும்மா தொங்கும் செல்போன் சார்ஜர் கரண்டைக் குடிக்கிறதா, இல்லையா?

வீட்டுக்கு வீடு நடக்கும் வாக்குவாதம் இது. தாம்பரம் பக்கம் ஒரு வீட்டில் இந்த வாக்குவாதம் முற்றி, "வீட்டைக் காலி பண்ணுங்க" என்ற பேச்சு வரை போய்விட்டது. கடைசியில் தீர்ப்புச் சொன்னது மனிதர் அல்ல. வராந்தாவில் மாட்டியிருந்த மீட்டர்!

எந்தத் தெரு, எந்த வீடு என்று கேட்க வேண்டாம். சேலையூர், மாடம்பாக்கம், சிட்லபாக்கம், பெருங்களத்தூர் என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் இந்தக் கதைக்கு ஆள் கிடைப்பார்கள்.

மாடியில் குமாஸ்தா, கீழே பென்ஷன்தாரர்

மாடிப் போர்ஷனில் குடியிருப்பவர் பாரிமுனையில் ஒரு கம்பெனியில் குமாஸ்தா. காலையில் பீச் வண்டியைப் பிடித்தால், மறுபடி தாம்பரம் ஸ்டேஷனில் இறங்க இரவு எட்டு மணி ஆகிவிடும். மனைவி, காலேஜ் படிக்கும் மகன், பள்ளிக்கூடம் போகும் மகள். வீட்டில் டி.வி. கிடையாது. படமோ, பாட்டோ, பாடமோ எல்லாம் செல்போனில்தான்.

கீழே வீட்டுக்காரர். ரிட்டையர் ஆனவர். அவரும் மனைவியும் மட்டும். காலையில் பேப்பர், மாலையில் கோவில், இரவில் டி.வி.

மாடிக்கும் கீழுக்கும் சேர்த்து மீட்டர் ஒன்றுதான். வரும் கரண்ட் பில்லை ஆளுக்குப் பாதியாகக் கட்டுவது என்று குடிவந்த அன்றே பேச்சு. மூன்று வருடமாக அதில் ஒரு சிக்கலும் இல்லை.

ஒரு பில் வந்தது. வந்தது வினை!

அதற்கு முந்தைய பில் 492 யூனிட், 1,755 ரூபாய். இந்தத் தடவை 507 யூனிட், 2,099 ரூபாய்! வீட்டுக்காரர் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு மாடிப்படி ஏறினார்.

"என்ன தம்பி, இப்படி எகிறிப் போச்சு? நாங்க ரெண்டு பேரும் கிழங்கட்டைங்க. நாங்களா கரண்டைத் தின்னுறோம்?"

பேசிக்கொண்டே அறையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார். சுவரில் ஒன்று, கட்டில் பக்கம் ஒன்று, அடுப்படி மேடையில் ஒன்று. மூன்று சார்ஜர்கள். மூன்றிலும் போன் இல்லை. ஒயர் மட்டும் பல்லி வால் மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. ஸ்விட்ச் எல்லாம் 'ஆன்'!

"பாத்தீங்களா! இதுதான் குடிக்குது. ராப்பகலா இப்படிச் சொருகி வச்சா மீட்டர் ஓடாம என்ன செய்யும்?"

குமாஸ்தாவுக்கு முகம் சுருங்கிப் போயிற்று. "ஐயா, இது சின்ன சாமான். இதுல என்ன வந்துடப் போவுது?" என்றார். "அப்ப அந்த முன்னூத்திச் சொச்சம் எங்கேருந்து வந்துச்சு? சரிப்படலேன்னா வேற வீடு பாத்துக்குங்க" என்று வீட்டுக்காரர் இறங்கிப் போய்விட்டார்.

பிள்ளையின் காலேஜ், பெண்ணின் பள்ளிக்கூடம், அட்வான்ஸ் பணம் எல்லாம் குமாஸ்தாவின் கண் முன்னால் வந்து நின்றன. ஒரு சார்ஜருக்காக வீடு மாறுவதா?

15 யூனிட்டுக்கு 344 ரூபாயா?

முதலில் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும். கூடியது 15 யூனிட்தான். ஆனால் பில்லில் கூடியது 344 ரூபாய். யூனிட்டுக்கு 23 ரூபாய் ஆகிறதே! இது என்ன கொள்ளை?

கொள்ளை அல்ல. 'ஸ்லாப்' செய்யும் வேலை.

தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை ரீடிங் எடுப்பது வழக்கம். முதல் 100 யூனிட்டுக்குக் காசு இல்லை என்பது 2016-ம் ஆண்டு வந்த சலுகை. 2024-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி அமலுக்கு வந்த கட்டணப்படி, மொத்தம் 500 யூனிட்டுக்குள் நின்றுகொண்டால் 101 முதல் 200 வரை யூனிட் 2 ரூபாய் 35 காசு. 201 முதல் 400 வரை 4 ரூபாய் 70 காசு. 401 முதல் 500 வரை 6 ரூபாய் 30 காசு. இந்த வீட்டின் இரண்டு பில்களும் இந்தக் கட்டணத்தில் போட்டவைதான்.

500 என்ற கோட்டைத் தாண்டிவிட்டால் கதையே வேறு. அந்த 2 ரூபாய் 35 காசுச் சலுகை பறிபோய்விடும். 101-லிருந்து 400 வரை மொத்தமும் 4 ரூபாய் 70 காசு. 500-க்கு மேல் ஓடும் யூனிட்டுக்கு 8 ரூபாய் 40 காசு.

விளைவு என்ன? 500 யூனிட்டில் நின்றால் பில் 1,805 ரூபாய். 501 ஆகிவிட்டால் 2,048 ரூபாய் 40 காசு. அந்த ஒரே ஒரு யூனிட்டின் விலை 243 ரூபாய் 40 காசு!

கட்டணம் மாறும்போது இந்த ரூபாய்க் கணக்கும் மாறும். ஆனால் 500 கோட்டின் ஓரத்தில் நிற்கும் வீட்டுக்கு, வீணாகும் ஒவ்வொரு யூனிட்டும் எவ்வளவு கனம் என்பது இதிலிருந்து தெரியும். ஆகவே வீட்டுக்காரர் கோபப்பட்டதில் தப்பில்லை. யார் மேல் கோபப்பட்டார் என்பதுதான் கேள்வி.

சார்ஜர் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது?

குமாஸ்தா மறுநாள் வேலை விட்டு வரும்போது, மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலைப் பக்கம் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் தெரிந்தவரிடம் போய் நின்றார். கடைக்காரர் சிரித்துவிட்டார்.

"சார், சார்ஜர் சும்மா இருக்கறப்ப தூங்குது சார். தூங்குற ஆளு எவ்ளோ சாப்பிடுவான்?"

உடைந்த சார்ஜர் ஒன்றைத் திறந்து காட்டினார். சுவரிலிருந்து வரும் 230 வோல்ட்டை முதலில் நேர் மின்சாரமாக மாற்றுவார்கள். அதை நொடிக்குப் பல்லாயிரம் தடவை விட்டு விட்டு, சுண்டைக்காய் அளவு டிரான்ஸ்பார்மர் வழியாக அனுப்பி 5 வோல்ட்டாக இறக்குவார்கள். போன் சொருகியிருந்தால் மும்முரமாக வேலை நடக்கும். போனைப் பிடுங்கிவிட்டால், உள்ளே இருக்கும் 'சிப்' அதைத் தெரிந்துகொண்டு வேலையைக் குறைத்துவிடும். அவ்வப்போது கண் விழித்துப் பார்த்துவிட்டு மறுபடி தூங்கும்.

அப்படித் தூங்கும்போது இன்றைய நல்ல சார்ஜர் இழுப்பது ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்கு, அதற்கும் குறைவு. சாதாரண போன் சார்ஜர் சும்மா இருக்கையில் 0.1 வாட்டுக்கு மேல் இழுக்கக் கூடாது என்று ஐரோப்பிய நாடுகளில் 2020-ம் ஆண்டு ஏப்ரல் முதல் சட்டமே இருக்கிறது.

1,000 வாட் சாமான் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். அப்படியானால் 0.1 வாட் சார்ஜர் 60 நாளும் 24 மணி நேரமும் தொங்கினால் எவ்வளவு? 0.144 யூனிட். ஒரு யூனிட்டில் ஏழில் ஒரு பங்கு!

தொங்கும் ஒயர் விஷயம் இன்னும் சுலபம். முனையில் போன் இல்லை என்றால் ஒயரில் கரண்ட் ஓட்டமே இல்லை. ஒயர் சுத்த நிரபராதி.

"ஆனா ஒண்ணு சார்" என்று கடைக்காரர் குரலைத் தாழ்த்தினார். "பழைய காலத்து அடாப்டர் இருக்கு பாருங்க, செங்கல் மாதிரி கனமா, அதை நம்பாதீங்க. உள்ளே இரும்புப் பட்டையும் செம்புக் கம்பியும் சுத்தின டிரான்ஸ்பார்மர். சும்மா இருந்தாலும் கொதிக்கும். கையில தொட்டுப் பாருங்க. சுட்டா குடிக்குதுன்னு அர்த்தம்."

அந்த மாதிரி அடாப்டர் ஒன்று முதல் மூன்று வாட் வரை இழுக்கும். புதிய சார்ஜரோடு ஒப்பிட்டால் பத்து மடங்கு, முப்பது மடங்கு.

பழி வந்த வழி

சார்ஜர் மேல் இந்தப் பழி சும்மா வந்துவிடவில்லை. ஒரு காலத்தில் பழி உண்மைதான்.

2007-ம் ஆண்டு நோக்கியா கம்பெனி, "பேட்டரி நிறைந்துவிட்டது, சார்ஜரைப் பிடுங்கி மின்சாரத்தைச் சேமியுங்கள்" என்று போனே சொல்லும்படி சில மாடல்களில் ஏற்பாடு செய்தது. அந்தக் கம்பெனி அப்போது எங்கே போன் செய்துகொண்டிருந்தது? தாம்பரத்துக்கு மேற்கே, ஸ்ரீபெரும்புதூரில்! 2006-ல் தொடங்கி 2014-ம் ஆண்டு நவம்பரில் மூடும் வரை அந்தத் தொழிற்சாலைக்குத் தென் சென்னைப் புறநகரிலிருந்து பஸ் பஸ்ஸாக ஆட்கள் போனார்கள். சார்ஜர் தயாரிக்கும் சால்காம்ப் என்ற பின்லாந்து கம்பெனியும் அங்கேயே இருந்தது. மூடிய நோக்கியா ஆலையை அதே சார்ஜர் கம்பெனி வாங்குவதாக 2019-ம் ஆண்டு நவம்பரில் அறிவிப்பு வந்தது.

2008-ம் ஆண்டு நோக்கியா, சாம்சங், எல்.ஜி., மோட்டரோலா, சோனி எரிக்சன் ஆகிய ஐந்து கம்பெனிகளும் சேர்ந்து சார்ஜருக்கு நட்சத்திர மார்க் போடத் தொடங்கின. சும்மா இருக்கும்போது 0.03 வாட் அல்லது அதற்குள் இழுத்தால் ஐந்து நட்சத்திரம். அரை வாட்டுக்கு மேல் போனால் ஒரு நட்சத்திரமும் கிடையாது.

அதாவது, சார்ஜர் திருந்திவிட்டது. பழைய பழி மட்டும் அப்படியே ஒட்டிக்கொண்டு நிற்கிறது.

மீட்டரைக் கூண்டில் ஏற்றினார்கள்!

"கடைக்காரன் சொன்னா ஆச்சா? எனக்குக் கண்ணால பாக்கணும்" என்று வீட்டுக்காரர் பிடிவாதமாக நின்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எலக்ட்ரீஷியன் வந்தார். கையில் டெஸ்டர், பையில் ஸ்குரூ டிரைவர். வேறு மிஷின் எதுவும் கொண்டுவரவில்லை. "மீட்டரே பெரிய மிஷின்தான் ஐயா" என்றார்.

எலக்ட்ரானிக் மீட்டரில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டிருக்கும். மீட்டர் முகத்தில், ஒரு யூனிட்டுக்கு இத்தனை சிமிட்டல் என்று அச்சடித்திருப்பார்கள். சிலவற்றில் 3,200. சிலவற்றில் 1,600. இந்த வீட்டு மீட்டரில் 3,200. ஒரு சிமிட்டலுக்கும் அடுத்த சிமிட்டலுக்கும் எத்தனை நொடி என்று எண்ணி, 1,125-ஐ அந்த எண்ணால் வகுத்தால், அந்த நேரத்தில் வீடு இழுக்கும் வாட் கிடைத்துவிடும். 1,600 மீட்டர் என்றால் 2,250-ஐ வகுக்க வேண்டும்.

வீட்டில் லைட், ஃபேன், ஃபிரிட்ஜ், மோட்டார், வைஃபை பெட்டி எல்லாவற்றையும் அணைத்தார்கள். 'சும்மா' கிடக்கும் சாமான்களை மட்டும் அப்படியே விட்டார்கள். காலேஜ் பையன் செல்போனில் நொடி எண்ணினான்.

முதல் கணக்கு: 36 நொடி. அதாவது 31 வாட்! ஒருவரும் எதையும் உபயோகிக்காத வீடு 31 வாட் இழுத்துக்கொண்டிருந்தது. இரண்டு மாதத்துக்கு 45 யூனிட்!

"நான் சொல்லல?" என்றார் வீட்டுக்காரர்.

"பொறுங்க ஐயா" என்ற எலக்ட்ரீஷியன், மாடியில் மூன்று, கீழே இரண்டு, ஆக ஐந்து சார்ஜர்களையும் பிடுங்கச் சொன்னார். மறுபடி எண்ணினார்கள். 37 நொடிகூட முழுதாக ஆகவில்லை. அதற்குள் விளக்கு சிமிட்டிவிட்டது. ஐந்து சார்ஜரும் சேர்ந்து அரை வாட்!

வீட்டுக்காரர் ஒன்றும் பேசவில்லை.

அடுத்து, மாடியில் அலமாரிக்குப் பின்னால் பையனின் பழைய கீபோர்டு வாத்தியத்துக்கான கனத்த அடாப்டர். தொட்டால் சுட்டது. பிடுங்கினார்கள். 39 நொடி. இரண்டு வாட். குமாஸ்தா பையனை முறைத்தார். மாடியில் இருந்த குற்றவாளி அது ஒன்றுதான்.

பிறகு கீழே இறங்கினார்கள்.

பெட்ரூமில் இருந்த பூதம்

கீழே பெட்ரூமில் ஒரு டி.வி. முந்தைய ரீடிங் எடுத்த சமயத்தில்தான் மகன் வீட்டிலிருந்து வந்து இறங்கியது. கேபிள்காரர் அதற்கு ஒரு செட்டாப் பாக்ஸ் மாட்டிவிட்டுப் போனார். அம்மா இரண்டு நாள் பார்த்தார். படுத்துக்கொண்டு பார்த்தால் கழுத்து வலிக்கிறது என்று விட்டுவிட்டார். ரிமோட்டில் அணைத்தது அணைத்தபடி கிடந்தது. பெட்டியில் ஒரு சிவப்புப் பொட்டு மட்டும்.

எலக்ட்ரீஷியன் அந்தப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினார். மீட்டரைப் பார்த்தால், 39 நொடியில் சிமிட்டிய விளக்கு 60 நொடிக்குப் போய்விட்டது. பத்து வாட்!

ஹாலில் இருந்த செட்டாப் பாக்ஸைப் பிடுங்கினார்கள். ஏறக்குறைய இரண்டு நிமிடம். இன்னொரு ஒன்பது வாட்!

கடைசியில், படிக்கட்டுக்கு அடியில் இருந்த இன்வெர்ட்டரை எலக்ட்ரீஷியனே முறைப்படி அணைத்தார். சிமிட்டல் நின்றுவிட்டது.

எலக்ட்ரீஷியன் ஒரு பழைய காலண்டர் தாளின் முதுகில் எழுதிக் காட்டினார். பெட்ரூம் பெட்டி பத்து வாட், 24 மணி நேரம், 60 நாள். 14.4 யூனிட்! பில்லில் கூடியது எவ்வளவு? 15!

வீட்டுக்காரர் மனைவியைப் பார்த்தார். அம்மா, "நான் ரிமோட்டுல அணைச்சுட்டேனே!" என்றார். பாவம், அவர் மேலும் தப்பில்லை. ரிமோட் அணைப்பது திரையைத்தான். பெட்டியை அல்ல.

தூங்காத பெட்டி

சார்ஜர் தூங்குகிறது. செட்டாப் பாக்ஸ் ஏன் தூங்குவதில்லை?

அது ஒரு சின்னக் கம்ப்யூட்டர். ஒளிபரப்பைப் பிடிக்கும் பகுதி, படத்தைப் பிரிக்கும் பகுதி, சந்தா இருக்கிறதா என்று பார்க்கும் பகுதி எல்லாம் உள்ளே இருக்கின்றன. ரிமோட்டை அமுக்கியவுடன் படம் வரவேண்டும் என்பதற்காகப் பல பெட்டிகளில் இந்தப் பகுதிகள் விழித்தபடியே இருக்கின்றன. படம் ஓடும்போது இழுப்பதற்கும் 'அணைந்து' கிடக்கும்போது இழுப்பதற்கும் அநேகப் பெட்டிகளில் பெரிய வித்தியாசமே இல்லை. மாடலுக்கு மாடல் மாறும். ஐந்து வாட்டும் உண்டு. பதினைந்து வாட்டும் உண்டு.

கேபிள் ஒயரை நேராக டி.வி.யில் சொருகிய காலத்தில் இந்தப் பெட்டியே கிடையாது. டிஜிட்டல் ஒளிபரப்பு வந்த பிறகு வந்த விருந்தாளி இது. தமிழ்நாடு அரசு கேபிள் டி.வி.க்கு 2017-ல் டிஜிட்டல் லைசென்ஸ் கிடைத்த பிறகு சாதாரண வீடுகளிலும் பெட்டி ஏறியது.

இன்வெர்ட்டர் கதையும் அப்படித்தான். 2012-ல் சென்னையிலேயே தினம் 2 மணி நேரம் கரண்ட் கட். வெளி மாவட்டங்களில் அதைவிடப் பல மணி நேரம். அந்த நாட்களில் கடன் வாங்கியாவது இன்வெர்ட்டர் வைத்தார்கள். கட் குறைந்துவிட்டது. இன்வெர்ட்டர் இருக்கிறது. பேட்டரி நிறைந்த பிறகும் அது கொஞ்சம் இழுத்துக்கொண்டேதான் இருக்கும். வயதானவர்கள் இருக்கும் வீட்டில் அதை அணைத்துவைக்கச் சொல்ல முடியாது. அது தேவைக்கான செலவு.

"சும்மா கிடக்கும் சாமான் ஒரு வாட்டுக்கு மேல் இழுக்கக் கூடாது" என்ற யோசனையை உலக நாடுகளின் எரிசக்தி அமைப்பு 1999-லேயே கிளப்பியது. ஐரோப்பாவில் 2013 முதல் பல வீட்டுச் சாமான்களுக்கு அரை வாட் என்று கட்டுப்பாடு வந்துவிட்டது. புதிய டி.வி.க்கள் பெரும்பாலும் அந்த அளவுக்குள் வந்துவிட்டன. அதன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பெட்டிதான் மிச்சம்.

ஆறு ரூபாயும் நானூற்று இருபது ரூபாயும்

காலண்டர் தாளில் கணக்கு தொடர்ந்தது.

ஐந்து சார்ஜர்களையும் இரண்டு மாதம் பிடுங்கியே வைத்தால் மிச்சம் 0.72 யூனிட். மேல் ஸ்லாப் விலையில் போட்டாலும் ஆறு ரூபாய். ஆளில்லாத அறையில் 75 வாட் ஃபேன் ஒரே ஒரு ராத்திரி பத்து மணி நேரம் சுற்றினால், அதே அளவு போய்விடும்!

பெட்ரூம் பெட்டியை அடியோடு பிடுங்கினால் 14.4 யூனிட். ஹால் பெட்டியை, டி.வி. பார்க்காத 18 மணி நேரம் சுவர் ஸ்விட்சில் அணைத்தால் கிட்டத்தட்ட 9.7 யூனிட். கனத்த அடாப்டரைப் பிடுங்கினால் 2.9 யூனிட். மொத்தம் 27 யூனிட். 507 என்பது 480 ஆகிவிடும். பில் 2,099-லிருந்து 1,679 ரூபாய். மிச்சம் 420 ரூபாய்!

வீட்டுக்காரர் விடவில்லை. "நம்ம வீட்டுல அஞ்சு சார்ஜர், சரி. ஊர் பூரா லட்சக்கணக்குல தொங்குதே? சேத்தா பெரிசு இல்லையா?"

நியாயமான கேள்வி. எலக்ட்ரீஷியன் அதற்கும் கணக்கு வைத்திருந்தார். ஒரு லட்சம் சார்ஜர் சும்மா தொங்கினால் 10 ஆயிரம் வாட். ஏழெட்டு ஏ.சி. ஓடுகிற கரண்ட். ஒரு லட்சம் செட்டாப் பாக்ஸ் பத்து பத்து வாட் இழுத்தால் 10 லட்சம் வாட். நூறு மடங்கு! ஊருக்குச் சேர்த்துப் பார்த்தாலும் வீட்டுக்கு வந்த தீர்ப்புதான்.

வீட்டுக்கு வீடு செய்து பார்க்கலாம்

இந்தச் சோதனைக்குக் காசு செலவில்லை. பகலில் பத்து நிமிடம் போதும். லைட், ஃபேன், ஃபிரிட்ஜ், மோட்டார் எல்லாம் அணைத்துவிட்டு மீட்டர் விளக்கை எண்ண வேண்டும். ஒவ்வொரு பிளக்காகப் பிடுங்கிவிட்டு மறுபடி எண்ண வேண்டும். எந்த பிளக்கைப் பிடுங்கியதும் நொடி நீள்கிறதோ, அதுதான் ஆள். மீட்டர் பெட்டியைத் திறக்கவோ சீலைத் தொடவோ கூடாது. பார்ப்பது மட்டும்தான். ஃபிரிட்ஜை மறக்காமல் திரும்பப் போட வேண்டும்.

செட்டாப் பாக்ஸின் பிளக் டி.வி. ஸ்டாண்டுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டிருப்பதுதான் பல வீட்டில் சோம்பலுக்குக் காரணம். ஸ்விட்ச் வைத்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் டி.வி.யையும் பெட்டியையும் சேர்த்துப் போட்டுக் கைக்கு எட்டும் இடத்தில் வைத்தால், ஒரே ஸ்விட்சில் இரண்டும் அடங்கும். மறுபடி போட்டால் படம் வர ஓரிரு நிமிடம் ஆகும். அதற்குள் ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கலாம்.

சார்ஜரைப் பிடுங்குவதில் பிரயோஜனமே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. அது பில்லுக்காக அல்ல, பத்திரத்துக்காக. இடி மின்னலின்போது பிடுங்கிவைப்பது நல்லது. ரோட்டோரம் வாங்கிய பெயரில்லாத சார்ஜர், சூடேறும் சார்ஜர், ஒயர் பிய்ந்த சார்ஜர் ஆகியவற்றை ஆளில்லாத வீட்டில் ஓட விடக் கூடாது. தலையணைக்கு அடியில் வைத்துச் சார்ஜ் போடவே கூடாது. வாங்கும்போது ஐ.எஸ். எண்ணும் 'ஆர்' என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

சமாதானம்!

அன்று மாலை வீட்டுக்காரர் மறுபடி மாடி ஏறினார். கையில் பில்.

"தம்பி, அந்த 344 ரூபாய் எங்க தலையில. நீங்க போன தடவை குடுத்ததையே குடுங்க. போதும்" என்றார். வீடு மாறும் பேச்சை அவரும் எடுக்கவில்லை, குமாஸ்தாவும் எடுக்கவில்லை. எலக்ட்ரீஷியன் கூலியை ஆளுக்குப் பாதியாகக் கொடுத்தார்கள்.

பெட்ரூம் டி.வி. மீது ஒரு பழைய துண்டு போர்த்தியாகிவிட்டது. அடுத்த பில் வந்தது. 481 யூனிட், 1,685 ரூபாய். கோட்டுக்கு இந்தப் பக்கம்!

கிளம்பும்போது வீட்டுக்காரரின் கை, சுவரில் தொங்கிய சார்ஜரின் ஸ்விட்சைத் தானாகப் போய் அமுக்கியது. குமாஸ்தா சிரித்தார்.

"பழக்கம் தம்பி!" என்று சொல்லிக்கொண்டே அவர் படியிறங்கினார்.